விழுந்தது கார்டு, தள்ளியது யார்?

அன்புள்ள ஜோகுபாளையம் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பழையதாக வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு, கேம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் திரையைக் கறுப்பாக்கிவிடுகிறது. கடைக்காரர் வேறு மெஷினில் மாட்டிக்கூடப் பார்க்காமல், "சிப் போயிடுச்சு, ரீபாலிங் பண்ணணும்" என்று கார்டு விலையில் கால் பங்கு கேட்கிறார். கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். சிப் போயிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை இதுவரை யாரும் சோதித்துச் சொல்லவில்லை, ஊகித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கேம் நடுவே நின்றால் பழி நேரே கார்டின் தலையில் விழுகிறது. விண்டோஸ் காட்டும் செய்தியும் அதற்கு ஒரு காரணம். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கார்டிடம் கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் பதில் வராவிட்டால், டிரைவரைத் தட்டி மறுபடி எழுப்பப் பார்க்கும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு, டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை என்று ஒரு வரி பதிவாகும். அந்த வரிக்குப் பொருள் அவ்வளவுதான், கார்டு பதில் தரவில்லை. ஏன் தரவில்லை என்பது அதில் இருக்காது. கரன்ட் போதாமல் இருக்கலாம், சூடாக இருக்கலாம், ரேம் தப்பான கணக்கைக் கொடுத்திருக்கலாம், டிரைவரே கோளாறாக இருக்கலாம். விழுந்தவர் பெயர்தான் பதிவாகிறது, தள்ளியவர் பெயர் பதிவாவதில்லை.

2024-இல் இதற்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் நடந்தது. அன்ரியல் இன்ஜினில் செய்த கேம்கள் பல, கிராபிக்ஸ் மெமரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிச் செத்தன. கார்டில் மெமரி தாராளமாக இருந்தது. பலர் கார்டை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மாட்டியது இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டு அவை தம்மையே கெடுத்துக்கொண்டிருந்தன. அந்த ஏப்ரலிலேயே என்விடியா, இந்த ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இன்டெலைக் கேளுங்கள் என்று தன் டிரைவர் குறிப்பில் எழுதிவிட்டது. ஆகஸ்டில் இன்டெல் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடை வெளியிட்டது, வாரன்ட்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் குணமாக்காது என்பது தனிக்கதை. உங்கள் நீண்ட கடிதத்தில் கார்டின் ஜாதகமே இருக்கிறது, ப்ராசஸர் பெயர் மட்டும் இல்லை! ஐ7, ஐ9 வகையில் அந்தத் தலைமுறையாக இருந்தால் முதல் வேலை மதர்போர்டின் பயாஸைப் புதுப்பிப்பது.

அடுத்த முறை திரை கறுக்கும்போது மெஷினை உடனே அணைக்காதீர்கள். ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். கேமின் சத்தம் தொடர்ந்து கேட்கிறதா? கார்டின் ஃபேன் திடீரென்று முழு வேகத்தில் அலறுகிறதா? கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். கீபோர்டில் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் செத்திருக்கிறது. சத்தம் ஓடி, விளக்கும் மாறி, ஃபேனும் அலறினால் கார்டு அல்லது அதற்குப் போகும் மின்சாரம். விளக்கு அசையவே இல்லை என்றால் ரேம், ப்ராசஸர் பக்கமும் பாருங்கள். கேபினட்டே பொட்டென்று அணைந்து, ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 மட்டும் இருந்தால் முதல் சந்தேகம் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல்தான். எந்தச் சத்தமும் இல்லாமல் கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப்புக்கு வந்தால், அது கேமின் சொந்தக் கோளாறாகவே இருக்கலாம்.

கேபினட்டோடு வந்த 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். 3070-இன் கணக்கு 220 வாட், ஆனால் என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் எஸ்எம்பிஎஸ். காரணம், அந்த 220 சராசரிதான். ஒரு சில மில்லிவிநாடிக்குக் கார்டு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும். லேபிளில் மட்டும் 550 இருக்கும் மலிவானது, வோல்டேஜைத் தாழவிடும் அல்லது பயந்து அணைந்துகொள்ளும். கேபிளையும் பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், ஒரு 8 பின் இணைப்பு 150 வாட் தரும். உங்கள் கார்டில் இரண்டு 8 பின் இருந்து, இரண்டையும் ஒரே கேபிளின் இரு தலைகளால் நிரப்பியிருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் இழுத்து மாட்டுங்கள். இதற்குச் செலவில்லை.

செலவில்லாத இன்னொன்று: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, ஃபிரேமை 60-இல் கட்டிவிட்டு ஆடிப்பாருங்கள். அப்போது நிற்காமல் ஓடினால், இழுவை கூடும்போதுதான் சிக்கல் என்று தெரிந்துவிடும். சிப்பே பலவீனமாக இருந்தாலும் இப்படி ஓடும், அதனால் இதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. சோதனை நடக்கும் வரை ஓவர்கிளாக், ரேமின் எக்ஸ்எம்பி எல்லாவற்றையும் அணைத்து வைத்துவிடுங்கள். டிரைவரை டிடியு என்ற மென்பொருள் போட்டு, சேஃப் மோடில் துடைத்துப் புதிதாக ஏற்றுங்கள்.

உங்கள் வீட்டு இன்வெர்ட்டரைப் பற்றியும் கேட்க வேண்டும். அது ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால், இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. மழை வந்தால் பெஸ்காம் கரன்ட் போகும், இன்வெர்ட்டர் பிடிக்கும், அந்த மாறும் கணத்தில் மெஷின் தடுமாறும். சோதிக்கும் நாளில் நேரே சுவர் பிளக்கில் மாட்டுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்கிறதா? வாடகை வீடுகளில் மூன்றாவது பின் பல இடங்களில் பெயருக்குத்தான் இருக்கும், எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம் அது.

சூடு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்னைக்காரர்கள் படும் பாடு உங்களுக்கில்லை. ஆனாலும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு இரண்டு எண்ணைப் பாருங்கள்: சிப்பின் சூடு, ஹாட் ஸ்பாட் சூடு. இரண்டுக்கும் 10, 15 டிகிரி இடைவெளி இயல்பு. 30 தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மெமரியின் சூட்டை 3070 காட்டாது, 3080 காட்டும். அதனால் மெமரி மேல் உள்ள தெர்மல் பேட் சரியில்லையென்றால் எண்ணில் பிடிபடாது, கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஆடிப் பார்க்க வேண்டும். கறுக்கும் நேரம் தள்ளிப்போனால், சூடுதான் என்று பதில் கிடைத்துவிட்டது.

இது மைனிங் கார்டோ என்று பயந்திருக்கிறீர்கள். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் நாணயம் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதும், மைனிங் பண்ணியவர்கள் கார்டுகளை மூட்டைமூட்டையாகச் சந்தைக்குத் தள்ளினார்கள், இதுவும் அதில் ஒன்றாக இருக்கலாம். அதற்காகச் செத்த கார்டு என்று அர்த்தமில்லை. ஒரே சூட்டில் ஓடிக்கொண்டிருப்பதைவிட, சூடாகி ஆறி, சூடாகி ஆறுவதுதான் ஈயப் பற்றவைப்புக்கு விரோதி. மைனிங்கில் முதலில் தேய்வது ஃபேனும் பேடும்.

இனி ரீபாலிங். 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப் சிப்கள் அளவுக்கு மீறிப் பழுதாவதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சிலிக்கான் துண்டுக்கும் அது உட்கார்ந்திருக்கும் பச்சைத் தகட்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய ஈயப் புள்ளிகள், சூடேறி ஆறி விரிசல் விட்டன. அந்தக் காலத்தில்தான் போர்டை அடுப்பில் வைத்துச் சுடும் வைத்தியம் பரவியது. சுட்டால் வேலை செய்யும், சில வாரம் கழித்து மறுபடி சாகும். ரீபாலிங் மாற்றுவது தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள பெரிய குண்டுகளை. விரிசல் மேலே உள்ள நுண்புள்ளியில் என்றால், அதை யாரும் தொடுவதே இல்லை. ரீபாலிங் பண்ணும்போது ஏறும் சூட்டில் அது தற்செயலாக ஒட்டிக்கொள்கிறது. கடைக்காரர் கைராசி என்று நாம் நினைப்பது பாதி இதுதான்.

3070-இல் உண்மையான பழுதுபார்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதன் 8 ஜிபி, ஒரு ஜிபி வீதம் எட்டு மெமரிச் சிப்களில் இருக்கிறது. பயாஸ் திரையிலேயே கட்டம்கட்டமாக வண்ணப் புள்ளிகள் வந்தால் அவற்றில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். தெரிந்த மெக்கானிக் மாட்ஸ் என்ற டெஸ்டை ஓட்டி எந்தச் சிப் என்று பெயர் சொல்வார், அதை மட்டும் மாற்றுவார். அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் சிப், எந்த டெஸ்டில் தெரிந்தது என்பது. பதில் வராத கடையில் கார்டை விடாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. நல்ல எஸ்எம்பிஎஸ் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குக் கார்டை எடுத்துப் போய், அதே கேமை ஓட்டுங்கள். அவர் கார்டை உங்கள் மெஷினில் மாட்டுங்கள். அங்கேயும் உங்கள் கார்டு கறுத்தால் கார்டுதான். இங்கே அவர் கார்டும் கறுத்தால் உங்கள் கார்டைத் தொட வேண்டாம். நண்பர் இல்லையென்றால் அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி எஸ்.பி. ரோடுக்கு நடந்துவிடலாம். காசு வாங்கிக்கொண்டு கண்ணெதிரே மாட்டிக் காட்டும் கடை கிடைக்கும். போகுமுன் சீரியல் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் பில்லைக் கேட்காமல் சீரியலைப் பார்த்தே வாரன்ட்டி தருகின்றன. 3070 வந்தது 2020 அக்டோபரில், வாரன்ட்டி பெரும்பாலும் 3 ஆண்டுதான், எனவே ஆசையை அடக்கியே பாருங்கள்.

மறுபடி எழுதும்போது ப்ராசஸர் பெயர், 41-ஆ 4101-ஆ, ஹாட் ஸ்பாட் எத்தனை, கேப்ஸ் லாக் விளக்கு மாறியதா, நண்பர் வீட்டில் என்ன ஆனது, இவ்வளவும் இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ்தான் என்று தெரிந்தால் எதை வாங்குவது என்று பிறகு பேசலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்