ஒரு பூட்டுப் போதுமா?

சென்ற ஆண்டு உம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. "பரிசு விழுந்திருக்கு, போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்றார்கள். உம்மாவும் சொல்லிவிட்டார். அன்று மாலையே அவருடைய பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்டுச் செய்திகள் பறந்தன. கட்டாரில் இருக்கும் மாமா அனுப்பியும் விட்டார்.

உயர்தர வகுப்பில் படித்த பாடம் அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒருவரை உறுதிப்படுத்த மூன்று வழிகள் உண்டு: அவர் அறிந்தது (கடவுச்சொல்), அவரிடம் உள்ளது (தொலைபேசி), அவரது உடலடையாளம் (கைரேகை). இவற்றுள் வெவ்வேறு வகையான இரண்டையாவது கேட்பதே பல்காரணி உறுதிப்படுத்தல். இரண்டு கடவுச்சொற்களைக் கேட்பது அதுவாகாது.

முகிற் கணிமைச் செயலியின் கதவை உலகின் எந்த மூலையிலிருந்தும் தட்டலாம். ஆகவே செயலியை உருவாக்கும்போதே இரண்டாவது பூட்டையும் அதற்குள் அமைக்க வேண்டும். 2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6238 முறையில், சேவையகமும் தொலைபேசியும் ஓர் இரகசியச் சாவியை ஒருமுறை பகிர்கின்றன. பின்னர் அச்சாவியையும் நேரத்தையும் கொண்டு இரண்டும் தனித்தனியே கணக்கிடுகின்றன. வழக்கமாக 30 செக்கனுக்கு ஒரு புதிய இலக்கம் பிறக்கும். இதற்குச் சிக்னல் தேவையில்லை. முல்லைத்தீவில் சிக்னல் விட்டுவிட்டு வரும் எங்கள் ஊருக்கு இது பெரிய உதவி.

உருவாக்குபவர் சாவியை மறைகுறியாக்கிச் சேமிக்க வேண்டும். பிழையான முயற்சிகளுக்கு எல்லை வைக்க வேண்டும். தொலைபேசி தொலைந்தால் பயன்படுத்த மீட்புக் குறியீடுகளும் தரவேண்டும்.

ஆனால் வாயால் சொல்லிவிட்டால் எந்தப் பூட்டும் திறந்துவிடும். உம்மாவின் கணக்கை மீட்டு, இரண்டாவது இரகசிய இலக்கமும் அமைத்துக் கொடுத்தேன்.

"என்ன இலக்கம் போட்டீங்க உம்மா?" என்று சோதித்துப் பார்த்தேன்.

"நீ கேட்டாலும் சொல்ல மாட்டன் மகள்" என்றார்.