பெங்களூரின் கூரைகளும் காவிரி நீரும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூர் நகருக்கு அருகில் பேராறு எதுவும் இல்லை. ஏரிகளே ஒரு காலத்தில் அதன் நீர்த்தேவையை நிறைவு செய்தன. பின்னர் 1890களில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1930களில் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் நீர் கொணரப்பட்டது. 1974 முதல் காவிரி நீர் வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு அந்நீர் ஏற்றப்படுகிறது.

இவ்வுயரத்தின் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஆயிரம் லிட்டர் நீரை 500 மீட்டர் உயர்த்தக் குறைந்தது 1.36 யூனிட் மின்சாரம் தேவை. எக்கிகளிலும் குழாய்களிலும் நேரும் இழப்பையும் சேர்த்தால் இது இன்னும் கூடும். ஆகவே, இந்நகரில் ஒழுகும் குழாயைப் பழுது பார்ப்பதும், அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவதும் மின்சாரச் சிக்கனமே ஆகும். மின்விளக்கை அணைக்கத் தவறாத இல்லங்களில்கூட இவ்வுண்மை உணரப்படுவதில்லை.

கூரையில் விழும் மழையோ எக்கியின்றியே வந்து சேர்கிறது. நகரின் ஆண்டுச் சராசரி மழையளவு சுமார் 970 மில்லிமீட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைச் சேகரித்தாலும், ஆண்டுக்கு 77,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. பெங்களூரிலோ அது ஏப்ரல் இறுதி தொடங்கி நவம்பர் வரை பரவிப் பெய்கிறது. எனவே சிறு தொட்டியும் பன்முறை நிறைந்து, பன்முறை பயன்படும். கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்பக் குழுமத்தைச் சேர்ந்த அறிவியலாளர் ஏ. ஆர். சிவகுமார், நகரக் குழாய் இணைப்பைச் சாராமல் மழைநீரைக் கொண்டே தம் இல்லத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திக் காட்டினார்.

அமைப்பும் எளியதே. முதல் சில நிமிட மழை தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருமாதலால் அதனை வெளியேற்றிவிட வேண்டும். பின்வரும் நீர், சரளையும் மணலும் இட்ட வடிகட்டி வழியே தொட்டியை அடையும். மிகுதியாவதைக் கிணற்றிலோ உறிஞ்சு குழியிலோ விடலாம். குடிப்பதற்கெனில் காய்ச்சுதல் அவசியம்.

தமிழ்நாடு 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பெங்களூரில் 2009இல் குடிநீர் வாரியச் சட்டம் திருத்தப்பட்டது. எனினும், அமைப்பை நிறுவாமல் தண்டத் தொகையைச் செலுத்திக்கொண்டே காலங்கழிப்போர் பலர். 2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல வறண்டபோது, குடிநீரால் வாகனம் கழுவுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்க வாரியம் ஆணையிட நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் நீருக்கு வழி வகுத்தது. அந்நீரும் அதே உயரத்தை ஏறியே வரவேண்டும்.

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர், தொட்டி இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல் வடிகட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். சருகடைத்த வடிகட்டி மழைநீரைச் சாக்கடைக்கே அனுப்பும். ஏப்ரல் மழைக்கு முன் கூரையைப் பெருக்கி, சரளையை அலசி வைக்க ஒரு முற்பகல் போதும்.