பெட்டிக்குள் வந்த இறுவட்டுக்கள்

வெளிநாட்டிலிருந்து வாப்பாவோ மாமாவோ வந்து பெட்டியைத் திறக்கும் நாள் வீட்டில் இன்னொரு பெருநாள். சவர்க்காரம், தைலம், பால்மா, சொக்லேட், துணிமணி. அவற்றுக்கிடையில் றப்பர் பட்டி போட்ட இறுவட்டுக் கட்டொன்றும் இருக்கும். என் மாமா ரியாதில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது அப்படியொரு கட்டைக் கொண்டுவந்தார். பத்ஹா வீதியோரம் சில ரியால்களுக்கு வாங்கிய படங்கள். ஓர் அறையில் ஆறேழு பேர் சேர்ந்து விடுமுறை நாட்களில் பார்த்தவை. "காசு கொடுத்துத்தானே வாங்கினேன், இதிலென்ன களவு?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவர் காசு கொடுத்தது பிளாஸ்டிக் தட்டுக்கு. அதிலுள்ள படத்தைப் பிரதி பண்ணும் உரிமை விற்றவனிடமே இருக்கவில்லை. இல்லாத ஒன்றை அவன் எப்படி விற்பான்? எமது நாட்டில் இந்த உரிமையைப் பாதுகாப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. ஒரு படைப்பு உருவானதுமே உரிமையும் பிறந்துவிடுகிறது; பொதுவாக ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடங்களும் அது நிலைக்கும். மாணவிகளே, இந்தச் சஞ்சிகையில் நீங்கள் எழுதும் கவிதைக்கும் இதே பாதுகாப்புத்தான். அதை வேறொருத்தி தன் பெயரில் வெளியிட்டால் உங்களுக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். மார்க்க அறிஞர்களும் இதைக் கவனிக்காமல் விடவில்லை. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988இல் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது எனத் தீர்மானித்தது.

கள்ளப் பிரதியை எப்படி இனங்காண்பது? தொழிற்சாலையில் அச்சிட்ட இறுவட்டின் அடிப்பக்கம் வெள்ளி போல் மினுங்கும். கணினியில் எரித்ததென்றால் பெரும்பாலும் ஊதாவோ நீலமோ கலந்திருக்கும். நடுத் துளையைச் சுற்றிய வளையத்தில், அதை உற்பத்தி செய்த தொழிற்சாலையைக் காட்டும் பொடி எழுத்துக் குறியீடு அசல் தட்டுக்களில் வழக்கமாக இருக்கும். படம் ஓடும்போது திரைக்கு முன்னால் யாரோ எழுந்து போகும் நிழல் தெரிந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நேர்மையாக வாங்குபவருக்கும் சிரமம் வைத்திருக்கிறார்கள். டீவீடீ நிறுவனங்கள் உலகைப் பிராந்தியங்களாகப் பிரித்தன. மத்திய கிழக்கு 2ஆம் பிராந்தியம், இலங்கை 5ஆம் பிராந்தியம். ரியாதில் விலை கொடுத்து வாங்கிய அசல் இறுவட்டு எங்கள் வீட்டுக் கருவியில் ஓடாமல் போகலாம். கள்ளப் பிரதிக்கோ பெரும்பாலும் இந்தத் தடை கிடையாது! மாமா இதைச் சொல்லிச் சொல்லியே வாதாடினார். குறை உண்மைதான். அதனால் களவு நியாயமாகிவிடாது என்பது என் பதில்.

இனி விமான நிலையம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சுங்கக் கட்டளைச் சட்டமும் திருத்தப்பட்டு, பதிப்புரிமையை மீறிய பிரதிகள் இறக்குமதி தடை செய்யப்பட்ட பொருட்களில் சேர்க்கப்பட்டன. உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கையின் 60ஆம் உறுப்புரை, பயணிகளின் சொந்தப் பொதியில் வணிக நோக்கமின்றிச் சிறிதளவாக இருப்பவற்றை எல்லைக் கெடுபிடியிலிருந்து விலக்க நாடுகளுக்கு இடமளிக்கிறது. இடமளிக்கிறதே தவிர, விலக்கியே ஆகவேண்டுமென்று சொல்லவில்லை. 'சிறிதளவு' எத்தனை என்றும் அதில் எண் கிடையாது. ஆகவே அதிகாரி பார்ப்பது இதைத்தான்: வெவ்வேறு படங்களில் ஒவ்வொன்றா, ஒரே படத்தில் பல பிரதிகளா? இரண்டாவது என்றால் அது வியாபாரம் போலத் தெரியும். மீறிய பிரதியென அறிந்தும் விற்பனைக்காக வைத்திருந்தால், நீதவான் முன் குற்றவாளியாகக் காணப்படுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம்.

மாமா மாட்டிக்கொண்டதும் இந்த இரண்டாவதில்தான். அவருடைய கட்டால் அல்ல. புறப்படும் இரவு அறைத் தோழர் ஒருவர் ஒட்டுநாடா சுற்றிய பார்சலொன்றைக் கொடுத்து, "ஊரில் ஒரு கடையில் கொடுத்துவிடுங்கள்" என்றிருக்கிறார். முகத்துக்காக மாமாவும் வாங்கிக்கொண்டார். கட்டுநாயக்காவில், அறிவிக்க ஒன்றுமில்லை என்பவர்களுக்கான பச்சை வழியால் நடந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பார்சலுக்குள் ஒரே படத்தின் முப்பது பிரதிகள். "இது யாருடையது?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. பெட்டி அவருடையது, கடவுச்சீட்டு அவருடையது. வெளியே வேனில் நாங்கள் ஐந்து மணித்தியாலம் காத்திருந்தோம்; உம்மும்மா தஸ்பீஹைக் கீழே வைக்கவேயில்லை. பார்சலோடு அவருடைய கட்டையும் எடுத்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள். வீடு வரும்வரை மாமா பேசவில்லை.

இப்போது ஊரில் யாராவது கட்டாருக்கோ சவூதிக்கோ போகப் பயணம் சொல்ல வந்தால், மாமா தேநீர் வருமுன்னே ஆரம்பித்துவிடுவார்: "வரும்போது யார் பார்சல் தந்தாலும் உன் முன்னால பிரிச்சுக் காட்டச் சொல்லு. கோபிச்சா கோபிக்கட்டும்."