85 வயதிலும் மலையைக் கேட்டவன்

(வேதபாடம்)

வாசிக்க வேண்டிய பகுதி: யோசுவா 14:6-12



காலேப் 85-வது வயதில் யோசுவாவுக்கு முன்பாக வந்து நின்றான். ஓய்வெடுக்க நிழலான ஒரு இடத்தை அவன் கேட்கவில்லை. ஏனாக்கியர் குடியிருந்த மலைநாட்டைக் கேட்டான்! 40 வயதில் தேசத்தை வேவுபார்க்கப் போனபோது இருந்த பெலன் இன்றும் இருக்கிறது என்று சாட்சி சொன்னான். அந்தப் பெலன் கர்த்தர் கொடுத்தது, சந்தேகமில்லை. ஆனால் இடையிலிருந்த 45 வருஷமும் அவன் உட்கார்ந்திருக்கவில்லை. வனாந்தரத்தில் நடந்தான், கானானில் யுத்தம்பண்ணினான்.

இன்று நான் வீடு சந்திப்புக்குப் போகிற இடமெல்லாம் சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி. 2021-ல் இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை வியாதி இருந்ததாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு கணக்கிட்டது. டாக்டர் "தினமும் நடங்க" என்கிறார். ஒரு மாதம் நடக்கிறோம். சர்க்கரை இறங்குகிறது, நடையும் நின்றுபோகிறது. ஆரம்பிப்பதில் அல்ல, நிலைத்திருப்பதில்தான் நம் போராட்டம்.

1. நடப்பது அவிசுவாசமா?

"தெய்வீக சுகத்தை நம்புற நமக்கு வாக்கிங் எதுக்கு பாஸ்டர்?" என்று சிலர் கேட்கிறார்கள். 1 தீமோத்தேயு 4:8-ஐயும் காட்டுகிறார்கள். அங்கே பவுல் சரீரப் பயிற்சியால் பலனே இல்லை என்று எழுதவில்லை. அதன் பலன் கொஞ்சம், தேவபக்தியின் பலனோ இம்மைக்கும் மறுமைக்கும் உரியது என்று ஒப்பிட்டுக் காட்டுகிறார். அந்தக் கொஞ்சத்தை நாம் ஏன் இழக்க வேண்டும்? அலங்கார வாசலில் சுகம் பெற்ற சப்பாணி என்ன செய்தான்? குதித்தெழுந்து நடந்தான் (அப். 3:8). அல்லேலூயா! கர்த்தர் கால்களைக் கொடுப்பது நடப்பதற்கே.

1953-ல் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பஸ் தொழிலாளர்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நம் சரீரம் அசைவதற்கென்றே உண்டாக்கப்பட்டது.

2. பயம் கொஞ்ச நாள், அன்பு கடைசிவரை

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து நடக்கிறவர், ரிப்போர்ட் நன்றாக வந்ததும் நிறுத்திவிடுவார். ஆகவே பயத்தைவிட நல்ல காரணம் ஒன்று வேண்டும். 60 வயதைத் தாண்டிய ஒரு தாயார், "ஐயா, முழங்கால்படியிட்டா எழுந்திரிக்க முடியல. நாற்காலியில உட்கார்ந்துதான் ஜெபிக்கிறேன்" என்று சொல்லி அழுதார்கள். "அம்மா, கர்த்தர் நாற்காலி ஜெபத்தையும் கேட்கிறார்" என்றேன். ஆனாலும் அவர்களுக்கு அந்த வாஞ்சை விடவில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிற பயிற்சியைக் காலை மாலை ஐந்தைந்து முறை செய்தார்கள். பல மாதங்கள் சென்று, "இன்னும் பெஞ்சைப் பிடிச்சுத்தான் எழுந்திரிக்கிறேன் ஐயா. ஆனா எழுந்திரிக்கிறேன்!" என்றார்கள்.

தேவபிள்ளையே, உன் காரணம் என்ன? பேரப்பிள்ளையைத் தூக்குவதா? கிராம ஊழியத்துக்கு நடந்து போவதா? அதைக் கர்த்தரிடம் சொல்லி எழுதி வை.

3. மன்னாவைப் போல அன்றன்றைக்கு

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில துள்ளித் துதிக்கிறேனே, அது பத்தாதா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்லதுதான் தம்பி! ஆனால் மன்னாவை அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டியிருந்தது, மறுநாளுக்கு வைத்தது கெட்டுப்போனது (யாத். 16). சரீர பெலனும் அப்படியே. போன வருஷம் நடந்த நடையை இந்த வருஷத்துக்குச் சேமித்து வைக்க முடியாது. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற முயற்சியும், இரண்டு நாள் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஆலோசனை கொடுத்தது. ஒரு நாளைக்கு 30 நிமிடம், ஐந்து நாள். முடியாதவர்கள் 10 நிமிடத்தில் ஆரம்பிக்கலாம்.

4. தானியேலைப் போல நேரம் குறித்து

தானியேலுக்கு ஜெபிக்க ஒரு அறை இருந்தது, ஒரு ஜன்னல் இருந்தது, நாளுக்கு மூன்று வேளை இருந்தது (தானி. 6:10). ராஜாவின் கட்டளை வந்தபோதும் அவன் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வழக்கம் அவனை நடத்தியது. "நேரம் கிடைச்சா நடப்பேன்" என்றால் நேரம் கிடைக்காது. "அதிகாலை ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் செருப்பைப் போடுவேன்" என்று தீர்மானியுங்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு புதிய பழக்கம் தானாக வர எவ்வளவு நாளாகும் என்று பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை என்று கண்டார்கள். ஆகவே மூன்று வாரத்தில் சோர்ந்துபோகாதிருங்கள்.

5. விழுந்தால் எழுந்திருங்கள்

காய்ச்சல் வரும், மழை வரும், கன்வென்ஷன் வரும், நடை நிற்கும். ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போவதில்லை என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்தது. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழும்புகிறான் அல்லவா (நீதி. 24:16)? தனியாக எழும்ப முடியாவிட்டால் துணை தேடுங்கள் (பிர. 4:9,10). இரண்டு சகோதரிகள் சேர்ந்து நடந்தால் ஒருத்திக்குச் சோம்பல் வரும் நாளில் மற்றவள் வாசலில் வந்து கூப்பிடுவாள்.

கவனிக்க: நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். நடக்கிறோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் பையில் மிட்டாய் வைத்திருங்கள். உபவாச நாளில் நடை வேண்டாம்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் கலந்து பேச:

1. என் சரீரம் யாருடைய ஆலயம்? (1 கொரி. 6:19,20)
2. நான் 85 வயதில் கர்த்தருக்காக என்ன செய்ய விரும்புகிறேன்?
3. நாளை எத்தனை மணிக்கு, யாரோடு நடக்கப் போகிறேன்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதாமல் கூட்டத்தை முடிக்காதிருங்கள். கர்த்தர்தாமே உங்கள் கால்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.