வீட்டில் இரண்டு அம்மா, சட்டத்தில் ஒருவர்

கேள்வி: எனக்கு வயது 36. நானும் என் இணையரும் (அவரும் பெண்தான்) எட்டு வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். இருவரும் இந்துக்கள், திருமணம் ஆகாதவர்கள். மூன்று வருடங்களுக்கு முன் அவர் கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சை எடுத்து, விந்து தானம் மூலம் ஆண் குழந்தை பெற்றார். இரவில் பால் காய்ச்சிக் கொடுத்ததிலிருந்து இன்றுவரை நானும் சேர்ந்துதான் வளர்க்கிறேன். எல்.கே.ஜி. சேர்க்கப் போன இடத்தில், “நீங்க பையனுக்கு யாரு?” என்றார்கள். “சித்தி” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருடைய பெற்றோர் எங்களோடு பேசுவதில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையை அவர்கள் கொண்டுபோய்விடுவார்களா? தத்துப் பத்திரம் எழுதிவிட்டால் போதும் என்கிறார் ஒரு பத்திர எழுத்தர். செய்யலாமா?
— கே.எம்., கோவை

பதில்: அன்புள்ள கே.எம்.,

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அம்மா. பெற்றவர் உயிரோடு இருந்து, பிள்ளையை நல்லபடியாக வளர்த்துவரும்போது, பிடிக்கவில்லை என்பதற்காகத் தாத்தா பாட்டி வந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. நீங்கள் அஞ்சுவது அவர் இல்லாமல் போகும் ஒரு நாளை நினைத்து. அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த நாளுக்கான ஏற்பாட்டை இன்றைக்கே செய்துவைக்க நம் சட்டத்தில் வழி இருக்கிறது.

சிக்கல் எங்கே என்று பார்ப்போம். ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் குற்றமில்லை என்பது வேறு, கணவன் மனைவிக்கு உள்ள உரிமைகள் கிடைப்பது வேறு. 2023 அக்டோபர் 17-ல் வந்த சுப்ரியோ வழக்குத் தீர்ப்பு, திருமண உரிமையை நீதிமன்றம் தர இயலாது, சட்டமன்றங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும் என்றது. இணையர் இருவர் சேர்ந்து தத்தெடுப்பதை ஐந்து நீதிபதிகளில் இருவர் ஆதரித்தார்கள், மூவர் ஏற்கவில்லை. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. ஆகவே இன்றைய நிலையில், எத்தனை வருடம் வளர்த்திருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சட்டப்படி பெற்றோர் அல்ல. கசப்பான செய்திதான். ஆனால் தெரிந்துகொண்டால்தான் அடுத்த அடியைச் சரியாக வைக்க முடியும்.

நல்ல செய்தி, உங்கள் இணையரின் நிலை உறுதியானது என்பது. 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் திருமணமாகாத பெண்ணும் இந்தச் சிகிச்சை பெற அனுமதிக்கிறது. விந்து தானம் செய்தவருக்குக் குழந்தைமேல் எந்த உரிமையும் கிடையாது. திருமணமாகாத தாய், தந்தை யாரென்று சொல்லாமலே பிள்ளைக்குப் பாதுகாவலராக (சட்டப்படி பொறுப்பாளராக) இருக்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, எல்லா அதிகாரமும் இப்போது அவர் ஒருவர் கையில் இருக்கிறது. அதில் எவ்வளவை உங்களுக்கு எழுதித்தர முடியும் என்பதுதான் கேள்வி.

பத்திர எழுத்தர் சொன்னதைச் செய்யாதீர்கள். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி தத்து கொடுத்தவுடன் பெற்ற குடும்பத்தோடு குழந்தைக்கு உள்ள சட்ட உறவு அறுந்துவிடும். நீங்கள் அம்மா ஆவீர்கள். பெற்றவர் அம்மா இல்லை என்றாகிவிடும். கணவன் மனைவி தவிர வேறு இருவர் ஒரே குழந்தையைச் சேர்ந்து தத்தெடுக்கவும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. இன்று உங்களுக்கு இருக்கும் பயம் நாளைக்கு அவருக்கு வரும், அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியவை.

முதலாவது, அவர் எழுத வேண்டிய உயில். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் தாய், தனக்குப் பின் பிள்ளைக்குப் பாதுகாவலர் யார் என்று உயிலிலேயே நியமிக்கலாம் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாப்புச் சட்டம் (இளவர் என்றால் 18 வயது நிரம்பாதவர்). அதில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஏன் உங்களை நியமிக்கிறார், எத்தனை காலமாக நீங்கள் வளர்க்கிறீர்கள் என்பதையும் இரண்டு பத்தியில் சொல்லட்டும். சாட்சிகள் இருவர் வேண்டும். உயிலால் பயனடையாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பின்னால் “கையெழுத்து அவளுடையது இல்லை” என்று சொல்வது கடினமாகிவிடும்.

அப்படியும் தாத்தா பாட்டி வழக்குப் போட்டால்? போடலாம், தடுக்க முடியாது. ஆனால் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம், நீதிபதி எதையெல்லாம் கருத வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: குழந்தையின் வயது, கேட்பவரின் குணமும் திறனும், இரத்த உறவின் நெருக்கம், இறந்துபோன பெற்றோரின் விருப்பம், கேட்பவருக்கும் குழந்தைக்கும் ஏற்கெனவே இருக்கும் உறவு. இரத்த உறவு அந்தப் பட்டியலில் ஒன்று. முழுப் பட்டியலும் அதுவே அல்ல. உறவினர் மட்டுமின்றி, நண்பரும் மனு செய்யலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பெற்றோரின் உரிமையைவிடக் குழந்தையின் நலனே பெரிது என்பதை, சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே தெளிவாக்கிவிட்டது.

இரண்டாவது, நீங்கள்தான் வளர்க்கிறீர்கள் என்பதற்கான சான்று. உங்கள் கணக்கிலிருந்து கட்டிய பள்ளிக் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, மருத்துவர் சீட்டு, பிள்ளையை அழைத்துச் செல்பவர் என்று பள்ளி தந்த அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் கண்ணீரைவிட ரசீது பேசும்.

மூன்றாவது, அன்றாடத்துக்கு ஓர் அதிகாரக் கடிதம். பள்ளியிலும் மருத்துவமனையிலும் பிள்ளைக்காக முடிவெடுக்க உங்களுக்கு அனுமதி தந்து அவர் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் சான்று பெறட்டும். நகல் பள்ளியில் ஒன்று, குழந்தை மருத்துவரிடம் ஒன்று. அடுத்த முறை “நீங்க யாரு?” என்று கேட்டால் சித்தி என்று சொல்ல வேண்டாம், “அவன் அம்மா நியமித்த பொறுப்பாளர்” என்று சொல்லிக் கடிதத்தைக் காட்டுங்கள். எந்தப் படிவத்திலும் ‘தாய்’ என்ற இடத்தில் மட்டும் நீங்கள் கையெழுத்திடாதீர்கள். ஒரு பொய்க் கையெழுத்து, மற்ற எல்லா உண்மையையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும்.

நான்காவது, உங்கள் சொத்து. நீங்கள் உயில் எழுதாமல் போனால், நீங்கள் சம்பாதித்தது உங்கள் பெற்றோருக்கும், அவர்கள் இல்லையென்றால் அவர்கள் வழி உறவினருக்கும் போகும். பிள்ளைக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. எனவே நீங்களும் உயில் எழுத வேண்டும். இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாகக் குறிப்பிடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் விளக்கம் தந்திருக்கிறது. ஆனால் நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. உரிமையாளர் யார் என்பதை உயில்தான் சொல்லும்.

அவருடைய வீட்டார் போலீசில் புகார் கொடுத்தால் கலங்க வேண்டாம். இப்படிப்பட்ட இணையர்களைக் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவிட்டார்; காவலர் நடத்தை விதிகளிலும் அது சேர்க்கப்பட்டது. குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று 2025 மே மாதம் வேலூர் வழக்கொன்றில் அதே நீதிமன்றம் சொன்னது. இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு வாழ்கிறோம் என்று நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். மிரட்டல் தொடர்ந்தால் வழக்கறிஞரோடு போங்கள்.

இந்தப் பத்திரங்கள் எல்லாம் சேர்ந்தாலும் உங்களைச் சட்டப்படி அம்மா ஆக்கிவிடாது. ஆனால் நீதிமன்றத்தில் நீங்கள் யாரோ ஒருவராக நிற்க வேண்டியிருக்காது. ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் உயிலைத் தவிர, நான் சொன்ன முக்கியமான தாள்கள் எல்லாம் அவருடைய கையெழுத்துக்குத்தான் காத்திருக்கின்றன. எனக்கு எழுதிய கடிதத்தை அவரிடம் காட்டியிருக்கிறீர்களா, தெரியவில்லை. காட்டுங்கள். உயில் பேச்செடுத்தால் அபசகுனம் என்று அவர் தட்டிக்கழிக்கலாம். உங்கள் உயிலை முதலில் எழுதி முடியுங்கள். அடுத்தது அவருடையது என்று கேட்பது அப்போது எளிதாக இருக்கும்.