மெமரி தீர்ந்தால் கெர்னல் என்ன செய்யும்?

நீங்கள் வேலை செய்து கொண்டிருந்த புரோகிராம், எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் திடீரென்று மறைந்து போனதுண்டா? வைரஸ் என்று பயந்துவிட வேண்டாம். ஆபரேட்டிங் சிஸ்டமே அதை நிறுத்தியிருக்கலாம். லினக்ஸில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் விண்டோஸ் 7 உடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ரேம் 2 ஜிபி. கடலூர் உறவினர் கொடுத்த அப்படியொரு லேப்டாப் மணப்பட்டில் உங்கள் வீட்டில் இருப்பதாக வைத்துக் கொள்வோம். பிரவுசரில் பத்து டேப்கள், ரைட்டரில் கல்லூரி புராஜெக்ட், கூடவே ஒரு வீடியோ என எல்லாம் திறந்திருக்கின்றன.

500 பேருக்கு அழைப்பு, 400 பேருக்குச் சாப்பாடு

இயங்கும் ஒவ்வொரு புரோகிராமும் ஒன்றோ பலவோ பிராசஸ்களாக இயங்குகிறது. இவற்றுக்கு மெமரியைப் பங்கிட்டுத் தருவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல். புரோகிராம்கள் பல சமயம் தேவைக்கு அதிகமாகவே மெமரி கேட்கும். கெர்னலும் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும். ஆனால் அந்த இடத்தைப் புரோகிராம் உண்மையில் பயன்படுத்தும்போதுதான் ரேமை ஒதுக்கும். கல்யாணத்துக்கு 500 பேரை அழைத்துவிட்டு, 400 பேருக்குச் சமைப்பது போல. இதற்கு ஓவர்கமிட் என்று பெயர். அழைத்த எல்லோரும் வந்துவிட்டால்தான் சிக்கல்.

கடைசி வழி

மெமரி குறையும்போது, கெர்னல் முதலில் ரேமில் தற்காலிகமாக வைத்திருக்கும் ஃபைல் நகல்களை நீக்கும். அடுத்து, அதிகம் பயன்படாத பகுதிகளை ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்கு மாற்றும். ரேமை விட டிஸ்க் மிக மெதுவானது. மவுஸ் நகர மறுப்பது இப்போதுதான்.

ஸ்வாப்பும் நிரம்பிவிட்டால் ஓஓஎம் கில்லர் என்ற பகுதி களத்தில் இறங்கும். அது ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு மதிப்பெண் போடும். அதிக மெமரி பிடித்திருப்பதற்கு அதிக மதிப்பெண். முதலிடம் பெறுவது நிறுத்தப்படும். சிஸ்டத்தின் முதல் பிராசஸான இனிட்டைத் தொடாது. சேமித்துக் கொள்ளவும் அவகாசம் கிடையாது. ஒரு புரோகிராமை இழந்து மற்றவற்றைக் காப்பாற்றுவதே நோக்கம்.

கவனியுங்கள்: கடைசியாக மெமரி கேட்ட புரோகிராம்தான் பலியாகும் என்பதில்லை. வீடியோவைத் திறந்தது நீங்கள். மூடப்படுவது உங்கள் புராஜெக்ட்டாகவும் இருக்கலாம். குரோம் பிரவுசர் தன் டேப்களின் மதிப்பெண்ணைத் தானே உயர்த்தி வைக்கிறது. அதனால் பிரவுசர் பிழைத்து, டேப் மட்டும் போகும். ஆனால் அந்த டேப்பில் பாதி நிரப்பிய விண்ணப்பமும் சேர்ந்தே போகும்.

விண்டோஸ் வழி வேறு. ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டி அது வாக்குத் தராது; மெமரி இல்லை என்று மறுத்துவிடும். மறுப்பைச் சமாளிக்கத் தெரியாத புரோகிராம் அங்கும் நின்றுபோகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. லினக்ஸ் நிறுவும்போது ஸ்வாப் பகுதியைத் தவிர்க்காதீர்கள்.
2. வேகம் குறைந்தால் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, அதிக மெமரி பிடித்திருப்பதை நீங்களே முறையாக மூடுங்கள்.
3. ரைட்டரின் ஆப்ஷன்ஸில் தானியங்கி மீட்புத் தகவல் சேமிப்பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை என அமையுங்கள்.
4. கன்ட்ரோல் + எஸ் அழுத்துவதைப் பழக்கமாக்குங்கள். கெர்னல் காப்பாற்றுவது கம்ப்யூட்டரை. உங்கள் புராஜெக்ட்டை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.