ஐந்தொகையில் ஏறாத முதல்

ஒரு தொழிலில் பணம் போட எண்ணுவோர் முதலில் ஐந்தொகையைப் புரட்டுவர். கட்டடம், இயந்திரம், கையிருப்புச் சரக்கு, வரவேண்டிய கடன் யாவும் அதில் தொகையாக நிற்கும். வேலை செய்வோருக்கு அவ்வேலையில் மனம் உண்டா என்பதற்கு மட்டும் அங்கே இடமில்லை. அந்த மனத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பிரிமாண்ட் நகரிலிருந்த ஒரு மோட்டார்த் தொழிற்சாலையின் வரலாறு காட்டும்.

அது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆலை. அங்கே நூற்றுக்கு இருபது பேர்வரை வேலைக்கு வராமலிருப்பது வழக்கம். வந்தவர்களிலும் சிலர், மேலதிகாரிகள்மீது கொண்ட வெறுப்பால், காரின் கதவினுள் காலிப் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவர். வாங்கியவர் ஓட்டும்போது அது கடகடக்கும். 1982-ல் ஆலை மூடப்பட்டது. அன்றைய கணக்கைக் கண்ட எவரும் ஆட்கள் சரியில்லை என்றே தீர்ப்புக் கூறியிருப்பர்.

1984-ல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தது. அன்றாட நிர்வாகம் டொயோட்டாவின் கையில் இருந்தது. வேலைக்கு எடுக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, தொழிற்சங்கமும் பழையதே. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் வேலைக்கு வராதோர் நூற்றுக்கு மூன்று, நான்கு என்று குறைந்தனர். அங்கே செய்த கார்களின் தரமும் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைக்கு ஏறத்தாழ ஈடாயிற்று.

மாறியது என்ன? பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிட்ட பின்னரே மேலே நெய்வது நெசவாளர் அறிந்தது. பழைய ஆலையில் தொழிலாளிக்கு அந்த உரிமை இல்லை. பழுது கண்ணுக்குத் தெரிந்தும் கார் நகர்ந்து போய்விடும். புதிய நிர்வாகம் தொழிலாளியின் கைக்கெட்டும்படி ஒரு கயிற்றைத் தொங்கவிட்டது. பழுதைக் கண்டவர் அதை இழுத்தால் குழுத் தலைவர் வந்து உதவுவார். உடனே தீராவிடில் வரிசையே நிற்கும். இழுத்தவரை யாரும் வைவதில்லை. அதிகாரிகளுக்கெனத் தனி உணவுக் கூடம் இருந்ததும் ஒழிந்தது.

கயிற்றைவிடப் பெரிது வேலைக்கான உறுதி என்பது என் கருத்து. ஆட்குறைப்புச் செய்யுமுன் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பதாகச் சங்கத்துடன் ஒப்பந்தம் இருந்தது. 1988 வாக்கில் விற்பனை வெகுவாகக் குறைந்தபோதும் ஒருவரையும் நீக்காமல், மிகுந்த நேரத்தில் பயிற்சி அளித்தனர். வாக்கு மெய்யென்று கண்டபின் கயிற்றை இழுக்க எவருக்கு அச்சம் வரும்?

அதே பத்தாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளில் தானியங்கி இயந்திரங்களுக்காகப் பெரும் பொருளைக் கொட்டியது; பிரிமாண்டில் கண்ட பலன் அங்கே கிட்டவில்லை. கயிற்றைப் பார்த்துச் சென்று தன் ஆலையில் கட்டுவது எளிது. அதை இழுத்தவரிடம் கோபிக்காதிருக்க மேற்பார்வையாளர் பழகுவதே அரிது.

எனினும் நல்ல நிர்வாகம் ஒன்றே பணத்துக்குக் காவல் என்று எண்ணலாகாது. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கடன் சுமையால் நொடித்துக் கூட்டிலிருந்து விலகியது. 2010-ல் பிரிமாண்ட் கூட்டு ஆலையும் மூடப்பட்டது. ஆகவே ஐந்தொகையையும் படிக்கவேண்டும்.

நம் சங்கத்தின் உபரியை வேறொரு சங்கத்தில் பங்காக இடுமுன், கணக்குடன் இரண்டொரு செய்திகளையும் கேட்டறியலாம். அங்கே வேலைக்குச் சேர்ந்தோர் சராசரி எத்தனை ஆண்டு தங்குகின்றனர்? நட்டம் வந்த ஆண்டில் முதலில் யாருடைய ஊதியம் குறைந்தது? நூல் பழுதென்று சொல்லித் தறியை நிறுத்திய நெசவாளிக்கு அன்றைய கூலி கிடைத்ததா?